ஒண்ட வந்த செடிகள்! தடுக்க வந்த சட்டங்கள்!

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்" என்பது பழமொழி. மனிதர்களுக்காகச் சொன்ன இந்தப் பழமொழி, செடி கொடிகளுக்கும் பொருந்துகிறது!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கிறது கல்வராயன் மலை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். சாமையும் தினையும் விளைந்த மலை அது. அந்த மலைக்காட்டில் புதராக மண்டுவது உண்ணிச் செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். பார்க்க அழகுதான். ஆனால், புதர் அடர்ந்த இடத்தில் புல்லுக்கு வழி இல்லை. பசியில் அதன் இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெடும்.

மலையை விட்டு இறங்கினால் வேலிக்காத்தான். சீமைக் கருவேல மரத்துக்குக் கிராமத்து மக்கள் வைத்த பெயர் அது. வேலியைக் காக்க வந்த மரம், இன்று ஏரிக்குள்ளேயே குடியேறி விட்டது!

கொண்டு வந்தது யார்?

இவை தாமாக வரவில்லை. மனிதர்தான் கொண்டு வந்தனர். இரண்டுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1800-களின் தொடக்கத்தில், கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது உண்ணி. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடெங்கும் பரப்பின. சீமைக் கருவேலமோ, வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்று 1870-களில் வந்தது. அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து ஊரெல்லாம் முளைத்தது.

சட்டம் பிறந்தது

கப்பலில் வரும் கேட்டைத் துறைமுகத்திலேயே தடுக்க 1914-ல் இந்தியா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. 1919-ல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் செய்தது. பயிரைக் கெடுக்கும் பூச்சி, நோய், களை மூன்றும் அதில் அடங்கும். "இது கேடான களை" என்று அரசு அறிவித்தால், நிலத்துக்காரர் அதை அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால், அதிகாரியே ஆள் வைத்து அகற்றி, செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

வெளிநாட்டு விதைக்கும் செடிக்கும் அனுமதியும் சோதனையும் வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டின் மத்திய அரசு உத்தரவு. காட்டுக்குக் கேடு செய்யும் அந்நிய இனங்களைக் கொண்டு வருவதையும், விற்பதையும், வளர்ப்பதையும் தடை செய்ய, 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதே ஆண்டில், அந்நியச் செடிகளை அகற்றி, நம் நாட்டு மரங்களை வளர்க்கத் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது.

வெட்டினால் போதுமா?

சட்டம் இனி வரும் செடிக்குக் கதவை அடைக்கும். உள்ளே வந்து விட்டதை என்ன செய்வது? சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தைச் சும்மா விட்டால் பழைய விதை முளைக்கும். அங்கே புங்கனோ வேம்போ நட வேண்டும். விறகு வெட்டியும் கரி சுட்டும் பிழைக்கும் ஏழைகளுக்கு மாற்று வழியும் வேண்டும்.

ஒரு விதை உள்ளே வர ஒரு நாள் போதும். அதை விரட்ட நூறு ஆண்டும் போதவில்லை. வெளியூர்ச் செடியை ஆசையாக வாங்கி வருமுன், அது எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவும் என்று ஒரு முறை கேளுங்கள்!