பச்சை மலையில் மஞ்சள் இலை

பாலை நாட்டில் இலையுதிர் காலமா என்று அன்பர்கள் வியக்கலாம். ஓமானின் ஜெபல் அக்தர், அதாவது பச்சை மலையின் மேட்டுநிலம், சுமார் 2,000 மீட்டர் உயரம். கார்த்திகை, மார்கழியில் அங்குள்ள படிக்கட்டுத் தோட்டங்களில் மாதுளை இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது.

வெயிலுக்கு முதுகு காட்டி எடுத்தால் படம் சப்பென்றிருக்கும். எதிர்வெயிலில் நின்று, ஒளி இலையை ஊடுருவி வரும்படி எடுக்கவேண்டும். நிழல் விழுந்த மலைச்சரிவு பின்னணியாக அமைந்தால் ஒவ்வோர் இலையும் கார்த்திகை அகல்தான்! வானம் அதிகம் சேர்ந்தால் காமிரா ஏமாந்து, மரத்தைக் கருப்பாக்கிவிடும்.

கண் விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. சூரியனை அடிமரத்தின் பின்னால் மறைத்துக்கொண்ட பிறகே வியூஃபைண்டரில் கண் வைக்கவேண்டும். டெலிலென்ஸ் என்றால் அபாயம் பன்மடங்கு. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது புலப்படாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கரும்புள்ளி தோன்றும். சிலருக்கு அது மறைவதே இல்லை. காமிராவின் பின்புறத் திரையைப் பார்த்து எடுப்போருக்கு இந்தப் பயம் குறைவு.

போகிறவர்கள் ஜீப் போன்ற வண்டியில் போகவேண்டும். சாதாரணக் கார்களை பிர்கத் அல் மௌஸ் சாவடிப் போலீசார் மேலே விடுவதில்லை.