வனமும் வேட்டையும்: மாதுரு ஓயா எழுப்பும் வினா

வனவிலங்குகள் பற்றிய பொதுசன அபிப்பிராயத்தை அதன் வரலாற்றுப் பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும். 1845இல் இறந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் இலங்கையில் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றதாகக் கூறப்படுகிறது. அது அன்று வீரவிளையாட்டாகவே கருதப்பட்டது. 1983இல், மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்தையொட்டி, மாதுரு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. திசாஹாமியும் அவரைச் சார்ந்தோரும் தம்பானைப் பகுதியை விட்டகல மறுத்தனர். பிழைப்புக்கான வேட்டை குற்றமாயிற்று. கட்டணஞ் செலுத்துவோர்க்கு வனம் காட்சிப்பொருளாயிற்று. விலங்குகள் காக்கப்படவேண்டியவை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், காட்டோடு வாழ்ந்தோரை அகற்றிவிட்டு நிகழும் பாதுகாப்பு எவருடைய நலனைப் பேணுகின்றது என்னும் வினாவை நாம் எழுப்பாதிருத்தல் இயலாது.