ஒரே நாளில் நான்கு குருபூஜைகள் – வைகாசி மூலத்தின் சிறப்பு

சிவாலயங்களில் அறுபத்து மூன்று நாயன்மார்களுக்கும் ஆண்டுதோறும் குருபூஜை நடைபெறுகின்றது. அடியார் ஒருவர் இறைவன் திருவடியை அடைந்த மாதமும் விண்மீனும் கூடிய நாளே அவருடைய குருபூஜை நாளாகும். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறினும், மாதமும் விண்மீனும் மாறுவதில்லை. மாதம் கதிரவனின் இயக்கத்தாலும், விண்மீன் நிலவின் இயக்கத்தாலும் கணிக்கப்பெறுவதே இதற்குக் காரணம்.

இவ்வாறு அமையும் நாள்களுள் வைகாசித் திங்கள் மூல நாள் தனிச்சிறப்புடையது. பெரும்பாலும் வைகாசி விசாகம் கழிந்த மூன்றாம் நாளில் இது வரும். திருஞானசம்பந்தர், திருநீலநக்கர், முருக நாயனார், திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகிய நால்வருக்கும் அன்றுதான் குருபூஜை. நால்வரும் வெவ்வேறு ஊரினர். வெவ்வேறு தொண்டு செய்தவர்கள். இவர்கள் அனைவருக்கும் ஒரே நாள் அமைந்தது எவ்வாறு? அதற்குரிய விடை ஒரு திருமண விழாவில் உள்ளது.

நால்வரும் செய்த தொண்டு

திருஞானசம்பந்தர் சீகாழியில் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகவாகத் தோன்றியவர். மூன்றாம் வயதில் அம்மையின் ஞானப்பாலை உண்டு பதிகம் பாடத் தொடங்கினார். பல்லவர் படைத்தலைவராக வாதாபிப் போரில் வென்று, பின்னர் திருச்செங்காட்டங்குடியில் தொண்டு செய்து வாழ்ந்த சிறுத்தொண்டரை இவர் சந்தித்துள்ளார். வாதாபி வெற்றி நிகழ்ந்தது கி.பி. 642 அளவில் ஆதலின், சம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பர் ஆய்வாளர்.

திருநீலநக்கர், இன்று சீயாத்தமங்கை எனப்படும் திருச்சாத்தமங்கையில் வாழ்ந்த மறையவர். ஒருநாள் அவர் வழிபட்டுக் கொண்டிருந்தபோது சிவலிங்கத் திருமேனியின்மேல் ஒரு சிலந்தி விழுந்தது. உடனிருந்த மனைவியார் பதறி, குழந்தையின்மேல் விழுந்த பூச்சியை அகற்றும் தாயைப்போல, வாயால் ஊதி அதனைப் போக்கினார். எச்சில் பட்டதென்று சினந்த நாயனார், மனைவியைத் துறந்தேன் என்று கூறி அகன்றார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, அம்மையார் ஊதிய இடம் தவிர ஏனைய இடமெல்லாம் சிலந்தியால் கொப்புளம் எழுந்திருப்பதைக் காட்டியருளினார். ஆசாரத்தினும் அன்பே உயர்ந்ததென உணர்ந்த நாயனார், விடிந்ததும் மனைவியாரை இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்.

முருக நாயனார் திருப்புகலூரினர். நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, விதவிதமான மாலைகளாகத் தொடுத்து வர்த்தமானீச்சரத்து இறைவனுக்குச் சாத்துவதே அவர்தம் பணி. அவருடைய திருமடத்தில் சம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கி மகிழ்ந்தனர். சம்பந்தர் தம் வர்த்தமானீச்சரப் பதிகத்தில் இவருடைய மலர்த்தொண்டைப் போற்றியுள்ளார்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்தில் பிறந்தவர். இன்று இவ்வூர் கடலூர் மாவட்டத்தில் இராசேந்திரப்பட்டினம் என வழங்குகின்றது. சம்பந்தர் பாடும் பதிகங்களை யாழில் இசைக்கும் பேற்றை வேண்டிப் பெற்று, மனைவியார் மதங்கசூளாமணியாருடன் அவரைப் பிரியாது உடன் சென்றார்.

யாழ்ப்பாணருக்குத் திறந்த வாயில்கள்

பாணர் குலத்தினர் திருக்கோயிலுக்குள் புகாத காலம் அது. மதுரைத் திருக்கோயில் வாயிலில் நின்றே யாழ்ப்பாணர் இசைத்தார். இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி, அவரைத் தம் திருமுன் அழைத்து வருமாறு பணித்தார். ஈரத் தரையால் யாழின் கட்டுத் தளரும் என்று அவருக்குப் பொற்பலகையும் இடச் செய்தார். திருவாரூரிலோ, அவர் உட்புகுவதற்கென வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது.

பின்னர்ச் சம்பந்தர் திருச்சாத்தமங்கைக்கு எழுந்தருளித் திருநீலநக்கர் இல்லத்தில் தங்கினார். யாழ்ப்பாணருக்கும் மதங்கசூளாமணியாருக்கும் இரவு தங்க இடம் அளிக்குமாறு வேண்டினார். முன்னர் எச்சிலுக்கு அஞ்சி மனைவியைத் துறக்கத் துணிந்த அதே மறையவர், இம்முறை இல்லத்தின் நடுவே, வேள்வித் தீ வளரும் வேதிகையின் அருகிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். அப்போது வேதிகைத் தீ வலமாகச் சுழன்று ஓங்கி எரிந்தது என்கிறது பெரியபுராணம். மங்கலத்தின் அறிகுறி அது.

நல்லூர்ப் பெருமணம்

சம்பந்தருக்குப் பதினாறு வயது நிரம்பியபோது, பெற்றோரும் சுற்றத்தாரும் திருமணம் செய்துகொள்ள வேண்டினர். திருநல்லூரில் வாழ்ந்த நம்பாண்டார் நம்பியின் திருமகளார் மணமகளாகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஆச்சாள்புரம் என்று இன்று வழங்கும் அவ்வூர், கொள்ளிடத்திற்கு அருகே மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. இறைவர் சிவலோகத்தியாகர், அம்மை வெண்ணீற்று உமைநங்கை.

திருநீலநக்கர் திருமணச் சடங்குகளை நடத்தினார். முருகரும் யாழ்ப்பாணரும் ஏனை அடியார்களும் குழுமியிருந்தனர். மணமகளுடன் தீவலம் வந்தபோது, தாம் வலம் வருதற்குரியவர் சிவபெருமானே என்னும் எண்ணம் சம்பந்தருக்கு மேலோங்கியது. மணக்கோலத்துடன் அனைவரையும் அழைத்துக்கொண்டு திருக்கோயிலை அடைந்து, இறைவன் திருவடி சேரும் விருப்புடன் பதிகம் பாடினார்.

அப்போது திருக்கோயில் முழுவதும் பெருஞ்சோதியாய் விளங்கியது. அதில் ஒரு வாயில் தோன்றியது. சம்பந்தர் அதனுள் முதலில் தாம் புகவில்லை. நமச்சிவாயத் திருப்பதிகத்தை ஓதி, திருமணத்திற்கு வந்தோர் அனைவரையும் இச்சோதியுள் புகுமின் என அழைத்தார். திருநீலநக்கர், முருகர், யாழ்ப்பாணர், சிவபாத இருதயர், நம்பாண்டார் நம்பி, அவரவர் மனைவியர், சுற்றத்தார், முத்துச்சிவிகை சுமந்து வந்தோர், பணி செய்தோர் என எல்லோரும் அதனுள் புகுந்தனர். இறுதியாகவே சம்பந்தர் மணமகளின் கரம் பற்றிச் சோதியை வலம் வந்து உட்புகுந்தார். வாயிலும் மறைந்தது.

அந்நாள் வைகாசி மூலம். நால்வருக்கும் ஒரே நாளில் குருபூஜை அமைந்ததன் காரணம் இதுவே.

ஒரே நாள் உணர்த்தும் உண்மை

ஆடிச் சுவாதியில் சுந்தரர், சேரமான் பெருமாள் ஆகிய இருவர் குருபூஜையும் ஒருங்கே நிகழும். திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் சுந்தரரும், அவரைத் தொடர்ந்து குதிரையில் சேரமானும் கயிலை சென்ற நாள் அது. அது நட்பின் பெருமையைக் காட்டும் நாள். வைகாசி மூலமோ அடியார் கூட்டத்தின் பெருமையைக் காட்டும் நாள்.

யாழ்ப்பாணர் மதுரையில் வாயிலின் வெளியே நின்றார். ஆரூரில் அவருக்கென வேறு வாயில் அமைந்தது. சாத்தமங்கையில் வேதிகையின் அருகே இடம் கிடைத்தது. நல்லூர்ப் பெருமணத்திலோ வேறு வாயில் இல்லை. பதிகம் பாடியவருக்கும், சடங்கு செய்தவருக்கும், பூத்தொடுத்தவருக்கும், யாழ் இசைத்தவருக்கும், சிவிகை தாங்கியவருக்கும் இறைவன் காட்டியது ஒரே வாயில்தான்.

பிற்காலத்தில் தேவாரப் பண்கள் மறைந்திருந்தபோது, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே அவை மீண்டும் வகுக்கப்பெற்றன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. இன்று ஓதுவார்கள் பண்ணோடு பாடக் கேட்கும்போது அக்குலத்தின் கொடையையும் நினைத்தல் தகும்.

ஆச்சாள்புரத்தில் ஆண்டுதோறும் வைகாசி மூலத்தையொட்டிச் சம்பந்தர் திருமண விழாவும், சோதியில் கலந்த ஐதிக விழாவும் நடைபெறுகின்றன. அங்குச் செல்ல இயலாதோர் தத்தம் ஊர்ச் சிவாலயத்தில் திருச்சுற்றிலுள்ள நாயன்மார் வரிசையில் இந்நால்வரையும் கண்டு வணங்கலாம். ஒரு மாலை தொடுத்தோ, ஒரு பதிகம் ஓதியோ, அதுவும் இயலாதெனில் வழிபட வரும் ஒருவருக்கு அன்புடன் இடம் தந்தோ, அந்நாளைப் போற்றுவோமாக.

திருச்சிற்றம்பலம்.