முட்டைக்குள்ள ஒரு குளம்

அடுத்த தடவை மெஸ்ல வேகவெச்ச முட்டை போட்டா, உரிச்சதும் வாயில போடாம ஒரு நிமிஷம் பாருங்க. அகலமான முனையில ஒரு பள்ளம் இருக்கும். சமையல் மாஸ்டர் தப்பு இல்ல. அது ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கற காத்து அறை. குஞ்சு வளர்ந்திருந்தா, 21-ஆம் நாள் வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, முதல் மூச்சை அங்கதான் இழுத்திருக்கும்.

கவலைப்படாதீங்க, நம்ம தட்டுல இருக்கறதுல குஞ்சு வராது. நாமக்கல் லேயர் பண்ணைக் கூண்டுகள்ல சேவலே கிடையாது. சேவல் இல்லாமலும் கோழி முட்டை போடும்ங்கறது, மாமா பண்ணை வெச்சிருந்தும், எனக்கு செகண்ட் இயர் வரைக்கும் தெரியாது!

முதுகெலும்புள்ள விலங்குகளை ஸ்கூல்ல அஞ்சு வகையாப் படிச்சோம். இதய அறைகள் மீனுக்கு ரெண்டு, தவளைக்கும் ஓணானுக்கும் மூணு, கோழிக்கும் ஆட்டுக்கும் நாலு (முதலை மட்டும் ஊர்வனவா இருந்துட்டு நாலு வெச்சிருக்கும்). மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தாச்சு. என்னைக் கேட்டா அதைவிட முக்கியமான கோடு ஒண்ணு இருக்கு: பனிக்குடம் உண்டா, இல்லையா?

மீனுக்கும் தவளைக்கும் இல்ல. மேட்டூர் அணையில பிடிக்கற கட்லா லட்சக்கணக்குல முட்டை போடும். ஓடு கிடையாது. சுத்தி இருக்கற தண்ணிதான் ஆக்சிஜன் தரும், கழிவையும் கரைச்சுட்டுப் போகும். அதுவும் கட்லாவுக்கு வெள்ளம் பாயற ஆறு வேணும், குளத்துல தானா முட்டை போடாது. 1957-ல ஹிராலால் சவுத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசியாப் போட்டு கெண்டை மீன்களை முட்டையிட வெச்ச பிறகுதான் குளத்து மீன் வளர்ப்பே பெருசாச்சு. ஏரியில கிடைக்கற ஜிலேபி இதுக்கு நேர் எதிர். கொஞ்சமா முட்டை போட்டு, தாய் வாய்க்குள்ளயே வெச்சுக் காக்கும். தவளை நிலத்துக்கு வந்துட்டாலும் முட்டை போட மழைத்தண்ணியைத் தேடித்தான் போகணும். தலைப்பிரட்டைக்கு மீன் மாதிரி செவுள்தானே?

ஓணான் வறண்ட மண்ணைத் தோண்டி முட்டை வெச்சுட்டுப் போயிடும். எப்படி முடியுது? குளத்தை முட்டைக்குள்ளயே பேக் பண்ணிட்டதால. கரு பனிக்குட நீர்ல மிதக்கும், மஞ்சக்கரு சாப்பாடு, இன்னொரு சவ்வுப்பை கழிவுத்தொட்டி. ஓட்டுல ஆயிரக்கணக்கான நுண்துளைகள், காத்து போய்வர. கோழி முட்டையும் இதே டிசைன்தான், ஓடு மட்டும் கெட்டி.

மேச்சேரி செம்மறி ஓட்டைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை வயித்துக்குள்ள வெச்சுக்கிச்சு, சுமார் அஞ்சு மாசம். மாடு கன்னு போட்டதும் விழற இளங்கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டித் தொங்கவிடுவாங்களே, அதை உண்டாக்கறதுல முட்டைக்குள்ள இருக்கற அதே சவ்வுகளுக்குப் பங்கு உண்டு. நம்ம அம்மாங்களுக்கு உடையற பனிக்குடமும் அந்தச் சொந்தம்தான்.

சரி, இவ்வளவு நல்ல டிசைன் எங்க அடி வாங்குது? நம்ம ஊர் வெயில்ல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். வெயில் ஏறினா வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். ஓடு கால்சியம் கார்பனேட். அதுல கார்பனேட் எங்கிருந்து வரணும்? அதே ரத்தத்துல இருந்துதான். தீனியும் கம்மியா எடுக்கறதால கால்சியமும் குறையும். "பங்குனி பொறந்தா ஓடு காயிதமாட்டம் ஆயிரும் கண்ணு"ம்பாரு மாமா. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில படிச்ச ஈக்விலிபிரியம், கூண்டுக்குள்ள நடக்குது. 1980-கள்ல அமெரிக்காவுல கோழிக்கு சோடாத் தண்ணியே குடுத்துப் பார்த்தாங்க, ஓடு தேறிச்சு. பண்ணை முழுக்க சோடாவுக்கு யார் காசு குடுக்கறது?

மாமா செய்யறது சிம்பிள். கூரை மேல தண்ணி தெளிப்பான், சாயங்காலத் தீனியில கிளிஞ்சல். ஓடு கட்ட சுமார் 20 மணி நேரம் ஆகும், அதுல பெரும்பகுதி ராத்திரி. அந்நேரம் குடல்ல கால்சியம் இல்லன்னா, கோழி தன் எலும்பைக் கரைச்சு ஓட்டுக்குக் குடுக்கும்.

போன மே மாசம் போனப்ப, மாமா ரெண்டு முட்டையை மெதுவா ஒண்ணோட ஒண்ணு தட்டி, சத்தத்தை வெச்சே விரிசலைக் கண்டுபிடிச்சாரு. ஒரு ட்ரேல முப்பது. நாலை எடுத்துத் தனியா வெச்சுட்டு அடுத்த ட்ரேயை இழுத்தாரு.