தனிமையில் இருந்தால் கண்டதையும் சாப்பிடத் தோன்றுவது ஏன்? `குண்டாயிட்டியே' என்ற கிண்டலும் ஒரு காரணம்

சென்னை,

பகல் முழுக்க டீயும் வடையும்தான். ராத்திரி ரூமுக்கு திரும்பும்போது 4 பரோட்டா, ஒரு ஆம்லெட், கூடவே ஒரு கூல்டிரிங்க்ஸ். கையில் செல்போன் இருக்கும், பேசத்தான் ஆள் இருக்காது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலைக்கு போகிறவர்களைக் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும் என்று பன், ரஸ்க்குடன் ராத்திரியை ஓட்டும் பெரியவர்களும் உண்டு. உடம்பு ஏறிப்போச்சு என்று வெட்கப்பட்டு கல்யாணம், காதுகுத்துக்கு கூட போகாத பெண்களும் உண்டு.

தனிமை, சாப்பாடு, உடம்பைப் பற்றிய கவலை. இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று முடிச்சு போட்டவை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூளைக்கு அதுவும் பசிதான்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 40 பேரை ஒருநாள் 10 மணி நேரம் சாப்பாடு இல்லாமல் இருக்க வைத்தனர். இன்னொரு நாள் 10 மணி நேரம் யாரோடும் பேசாமல், செல்போனும் இல்லாமல் தனி அறையில் இருக்க வைத்தனர்.

பிறகு மூளையை ஸ்கேன் செய்தார்கள். பட்டினி கிடந்தவருக்கு சாப்பாட்டு படத்தை பார்த்ததும் மூளையின் நடுப்பகுதியில் எந்த இடம் துடித்ததோ, தனிமையில் இருந்தவருக்கு மனிதர்கள் கூடி இருக்கும் படத்தை பார்த்ததும் அதே இடம் துடித்தது. அதாவது ஆள் துணைக்கு ஏங்குவதும் மூளைக்கு ஒருவகை பசிதான்.

இனிப்பு மேல் ஆசை

2024-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரிவு 93 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. தனிமையை அதிகம் உணர்ந்த பெண்களுக்கு உடம்பில் கொழுப்பும், கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடும் பழக்கமும் அதிகம் இருந்தது. இனிப்பு படங்களை காட்டியபோது, ஆசையை அடக்க உதவும் மூளைப்பகுதி மந்தமாக இருந்தது.

தனிமைதான் எடையை கூட்டியது என்று இதை வைத்து மட்டும் அடித்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் கைகோர்த்து நடப்பது தெரிகிறது.

மனசு வாடும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இனிப்பு, எண்ணெய் பலகாரம் பக்கம் ஆசையை இழுக்கும். தூக்கம் கெட்டால் பசியை தூண்டும் கிரெலின் ஏறும், `போதும்' என்று சொல்லும் லெப்டின் இறங்கும். நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சிலருக்கு இது தலைகீழாக நடக்கும். பசியே எடுக்காமல் மெலிந்து போவார்கள். அதையும் சும்மா விடக்கூடாது.

சுற்றி சுற்றி வரும் வட்டம்

தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை கூடியவர்கள். ஆகவே இது ஒரு ஆளின் குற்றம் அல்ல.

ஆனால் பார்த்த உடனேயே, `என்ன இப்படி குண்டாயிட்ட?' என்று நாலு பேர் நடுவில் கேட்பது நம்ம ஊர் வழக்கம். கேட்பவர் அக்கறையில்தான் கேட்பார். கேட்டவர் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார். வீட்டில் தனியாக இருப்பார். மனசு வலிக்கும், கை மிக்சர் டப்பாவுக்கு போகும். எடை இன்னும் கூடும், வெட்கமும் கூடும். ஒல்லியானவரை `ஓமக்குச்சி' என்று கேலி செய்தாலும் இதே கதைதான்.

தனிமையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், ஆண்டுக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் சாவுகளுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிவித்தது.

என்ன செய்யலாம்?

* நேரத்துக்கு சாப்பிடுங்க. பகலில் பட்டினி கிடந்தால் ராத்திரி கை அடங்காது.

* வாரத்தில் 2 நாளாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுங்க. ரூம்மேட், பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை பார்ப்பவர் என்று யாராக இருந்தாலும் சரி.

* ரூமில் 2 பேர், 3 பேர் சேர்ந்து ரைஸ் குக்கரில் பொங்கினால் செலவும் குறையும், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

* சாப்பிடும்போது செல்போனை தள்ளி வையுங்க. எவ்வளவு உள்ளே போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

* தீனி எடுக்கும் முன் `இது வயிற்றுப்பசியா, மனசுப்பசியா?' என்று கேட்டுப்பாருங்க. மனசுப்பசி என்றால் முதலில் ஒருவருக்கு போன் போடுங்க.

* சாயங்காலம் துணைக்கு ஒருவரை கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடங்க.

எப்போது டாக்டரிடம் போகணும்?

வாரம் ஒரு முறையாவது கட்டுப்பாடு இழந்து வயிறு முட்ட சாப்பிடுவது, அதை மறைப்பது, பிறகு குற்ற உணர்ச்சியில் தவிப்பது என்று 3 மாதம் தொடர்ந்தால் அது பழக்கம் அல்ல, நோயாக இருக்கலாம். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பதும் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

பார்ப்பவர்களை எல்லாம் `சாப்டீங்களா?' என்று கேட்கிற ஊர் நம்ம ஊர். தனியாக இருப்பவரிடம் அதோடு நிறுத்தாமல், `வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்' என்று ஒருநாள் கூப்பிட்டுப் பாருங்க. அவர் எடையைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்காதீங்க.