பழைய மூல நிரல்களின் உரிமத் தெளிவின்மை: சன் ஆர்பிசி நிரலை முன்வைத்து

கட்டற்ற மென்பொருள் வழங்கல்களில் 1980-களில் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் இடம்பெற்றுள்ளன. குனு பொது உரிமமே 1989-இல்தான் முதன்முதலில் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட நிரல்கள் பலவற்றில், கோப்பின் தலைப்பில் அக்காலத் தேவை கருதி எழுதப்பட்ட சில வரிகளே உரிமமாக விளங்குகின்றன. அவ்வரிகள் ஐயத்திற்கு இடமளிக்கும்போது அதனைத் தீர்க்கத் தகுதியுடையவர் யார் என்பதைச் சன் ஆர்பிசி நிரலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு கணினியில் இயங்கும் நிரல், வேறொரு கணினியிலுள்ள செயல்முறையைத் தன்னுடையது போலவே அழைத்துப் பயன்படுத்த உதவுவது இந்நிரல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்எஃப்எஸ் கோப்பு முறை இதன்மேல் கட்டப்பட்டது. தன் நெறிமுறை பரவ வேண்டும் என்னும் நோக்கில் அந்நிறுவனம் இதனைக் கட்டணமின்றி வெளியிட்டது. பின்னர் இது குனு சி நூலகத்திலும் சேர்க்கப்பட்டது.

இதன் உரிமக் குறிப்பு நகலெடுக்கவும் மாற்றவும் இசைவளித்தது. எனினும், பயனர் தாம் உருவாக்கிய மென்பொருளின் பகுதியாக அன்றித் தனியே இதனைப் பிறர்க்கு வழங்கலாகாது என்றும் வரையறுத்தது. தொகுப்பின் பகுதியாக வழங்குவதைத் தடுக்காத உரிமத்தை டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகள் ஏற்பதால், இதில் இடர்ப்பாடு இல்லை என வாதிட இடமுண்டு. ஆனால் 'பயனர் உருவாக்கிய' என்னும் அடையே சிக்கலுக்குக் காரணம். பிறர் எழுதியதைத் திரட்டித் தருபவர் எதனையும் உருவாக்கியவர் ஆவாரா? மேலும், நூலகத்திற்குரிய எல்ஜிபிஎல் உரிமம், பெறுநர்மீது கூடுதல் கட்டுப்பாடு விதிப்பதை ஏற்பதில்லை. குனு/லினக்ஸ் அமைப்பின் ஏறத்தாழ எல்லா நிரல்களும் இந்நூலகத்தைச் சார்ந்திருந்தமையால், இவ்வையம் வழங்கலின் அடித்தளத்தையே தொட்டது.

டெபியனில் இது பிழையாகப் பதிவுசெய்யப்பட்டது 2003-இல். சன் நிறுவனம் எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லையே என்பது எளிதில் எழும் மறுமொழி. ஆயின் உரிமையாளரின் மௌனம் உரிமம் ஆகாது. நிறுவனம் கைமாறினால் அம்மௌனமும் கலையக்கூடும். நெறிமுறை 1988-இல் ஆர்எஃப்சி 1057 ஆவணமாக வெளிவந்திருந்தமையால் நிரலைப் புதிதாக எழுதவும் வழியிருந்தது. அவ்வாறு எழுதினால் பழைய நிரல்களுடன் ஒத்தியங்குவதை உறுதிசெய்யும் உழைப்பு பெரிது. எஞ்சிய வழி உரிமையாளரையே அணுகுவது. தலைப்பு வரிகளைத் திருத்தும் அதிகாரம் வழங்குநருக்கு இல்லை.

1999-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பிஎஸ்டி உரிமத்தின் விளம்பர விதியை ஒரே அறிவிப்பால் நீக்கியது. சன் ஆர்பிசிக்கு அத்தகைய எளிய முடிவு வாய்க்கவில்லை. 2009-இல் சன் தன் நிரலின் சில கிளைகளுக்கு மூவிதி பிஎஸ்டி உரிமத்தை வழங்கியது. பணி முற்றுப்பெறுமுன், 2010 ஜனவரியில் ஆரக்கிள் அந்நிறுவனத்தைக் கையகப்படுத்தியது. பொறுப்பாளர்கள் மாறிய நிலையில் வேண்டுகோளைப் புதிய உரிமையாளரிடம் கொண்டுசெல்ல நேர்ந்தது. ஃபெடோராவின் டாம் கேலவே இம்முயற்சியைத் தொடர்ந்தார். 2010 ஆகஸ்டில் ஆரக்கிள் சார்பில் விம் கோகெர்ட்ஸ் இசைவளித்தார். குனு சி நூலகம், கெர்பரோஸ் முதலியவற்றில் எஞ்சியிருந்த கோப்புகள் அவ்வாறு விடுபட்டன.

இவ்வரலாற்றின் தடம் கோப்புகளிலேயே பதிந்துள்ளது. குனு சி நூலகத்தின் ஆர்பிசி கோப்புகள் 2010, ஆரக்கிள் அமெரிக்கா என்னும் பதிப்புரிமை வரியைப் பெற்றன. அதே மரபில் வந்த லிப்டிஐஆர்பிசி நூலகத்தின் கோப்புகளில் 2009, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் எனக் காணப்படுகிறது. இவ்வாண்டுகள் உரிமம் மாறிய காலத்தைக் குறிப்பனவேயன்றி நிரல் எழுதப்பட்ட காலத்தை அல்ல. தலைப்பு வரியை மட்டும் கொண்டு நிரலின் வயதைக் கணிப்போர் கால் நூற்றாண்டு பிழைபட நேரும். குனு சி நூலகம் 2011-இல் வெளியான 2.14 பதிப்பில் இந்நிரலை வழக்கொழிந்ததாக அறிவித்து, 2020-இன் 2.32 பதிப்பில் நீக்கியது. இன்று அப்பணியை ஆற்றுவது லிப்டிஐஆர்பிசி.