யார் இந்த ஜாக் ஈலம்? கணக்கு வேலையை விட்டுவிட்டு வில்லனான கதை!

‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) படத்தின் முதல் காட்சி. ஆள் அரவமற்ற ரயில் நிலையத்தில் மூன்று துப்பாக்கிக்காரர்கள் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் முகத்தில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. அவர் கையைத் தூக்கவில்லை. உதட்டைச் சுழித்து ஊதிப் பார்க்கிறார். அது போவதாக இல்லை. கடைசியில் துப்பாக்கிக் குழாய்க்குள் ஈயைச் சிறைபிடித்து, உள்ளே அது ரீங்காரமிடுவதைக் கேட்டு ரசிக்கிறார். ரயில் வருகிறது. இறங்கிய ஹீரோ சார்லஸ் பிரான்சன் சுட, மூவரும் காலி!

படமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அதில் அவருக்குக் கிடைத்தது தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான். ஆனாலும் படம் பார்த்தவர்கள் அந்த முகத்தை மறக்க மாட்டார்கள். அவர்தான் ஜாக் ஈலம்.

ஆடிட்டர் டு ஆக்டர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மயாமி என்ற சுரங்க ஊரில் பிறந்தவர் ஈலம். சிறுவயதில் இன்னொரு பையனோடு போட்ட சண்டையில் பென்சில் குத்தி, இடது கண்ணில் பார்வை போனது. அந்தக் கண் பிறகு தன் இஷ்டத்துக்கு வேறு திசையில் பார்க்க ஆரம்பித்தது.

வளர்ந்ததும் அவர் பிடித்தது கணக்கு வேலை. ஹாலிவுட் தயாரிப்பு நிறுவனங்களில் ஆடிட்டராக இருந்தார். நல்ல வேலைதான். ஆனால் நாள் முழுக்க எண்களை உற்றுப் பார்த்ததில் மிச்சமிருந்த ஒரு கண்ணும் களைத்துப்போனது. ‘இப்படியே போனால் இந்தக் கண்ணும் போய்விடும்’ என்று டாக்டர் எச்சரித்தார்.

அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. தெரிந்த ஒரே தொழிலை விட வேண்டிய நிலை. கையில் இருந்தது சினிமாவின் வரவு செலவு அறிவு மட்டும்தான். அதையே முதலீடாக்கினார். வெஸ்டர்ன் படங்கள் எடுக்க நினைத்தவர்களுக்குப் பணம் திரட்ட உதவினார். பதிலுக்கு வில்லன் வேடம் கேட்டார். டீல் ஓகே!

1951-ல் வந்த ‘ராஹைட்’ படத்தில், குழந்தையின் காலடியில் சுட்டு மிரட்டும் டெவிஸ் என்ற அடியாளாக வந்தார். 1952-ல் ‘ஹை நூன்’ படத்தில் ஜெயிலில் கிடக்கும் குடிகாரர். வாய்ப்புகள் வரிசைகட்டின.

டிவிக்கு ஏன் அவர் தேவைப்பட்டார்?

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க டிவி முழுக்க வெஸ்டர்ன் தொடர்கள்தான். ‘கன்ஸ்மோக்’ மட்டுமே 1955 முதல் 1975 வரை 20 ஆண்டுகள், 635 எபிசோடுகள் ஓடியது. ஹீரோ மார்ஷல் மாறவே மாட்டார். ஆனால், வாராவாரம் அவரோடு மோத ஒரு புது வில்லன் வேண்டுமே!

அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடும் கதையில் ‘இவன் ரொம்ப மோசமானவன்’ என்று விளக்க நேரம் கிடையாது. ஈலம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே போதும், பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். அதனால்தான் ‘கன்ஸ்மோக்’ தொடரிலேயே வெவ்வேறு வேடங்களில் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். ‘பொனான்சா’, ‘தி ரைஃபிள்மேன்’ என மற்ற தொடர்களிலும் அதே கதைதான்.

முகத்தை மாற்றவில்லை, ரூட்டை மாற்றினார்

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சோறு போட்ட அதே முகம், அவரை ‘அடியாள்’ என்ற ஒரே பெட்டிக்குள் பூட்டியும் வைத்தது. 1963-ல் ‘தி டகோட்டாஸ்’ தொடரில் சட்டத்தின் பக்கம் நிற்கும் துணை மார்ஷலாக நடித்தார். தொடர் சில மாதங்களிலேயே நின்றுபோனது.

உண்மையான திருப்பம் 1969-ல் வந்த ‘சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்’. ஜேம்ஸ் கார்னர் ஹீரோ. ஊரில் வெட்டியாகத் திரிந்து, திடீரென டெபுடி ஆகிவிடும் ஜேக்காக ஈலம். பயமுறுத்திய அதே கண் இப்போது சிரிக்க வைத்தது. அதன் பிறகு காமெடி வேடங்களும் தேடி வந்தன. 1981-ல் ‘தி கேனன்பால் ரன்’ படத்தில் கோக்குமாக்கான டாக்டராக வந்து கலக்கினார்.

ஐந்து கட்டங்கள்

ஒரு நடிகரின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகச் சொல்லும் பிரபலமான ஹாலிவுட் ஜோக் ஒன்று உண்டு. ஈலம் அதைத் தன் பெயரை வைத்தே சொல்வார். முதலில், ‘யாருப்பா இந்த ஜாக் ஈலம்?’ என்பார்கள். அடுத்து, ‘ஈலமைக் கூப்பிடு’. மூன்றாவது, ‘ஈலம் மாதிரி ஒரு ஆளைப் பிடி’. நான்காவது, ‘ஈலம் மாதிரியே, ஆனா சின்ன வயசுப் பையனா பாரு’. ஐந்தாவது, ‘யாருப்பா இந்த ஜாக் ஈலம்?’

1994-ல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள கௌபாய் அருங்காட்சியகம், சிறந்த வெஸ்டர்ன் நடிகர்களின் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2003-ல் ஓரிகன் மாநிலத்தின் ஆஷ்லாண்டில் அவர் காலமானார். டாக்டர் எச்சரித்த பிறகு, அந்த ஒரு கண்ணோடு அவர் கேமரா முன் நின்றது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்.